கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு

மூன்றாவது குடத்தை இறக்கி வைத்தபோது இராமலட்சுமிக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலமானால் இந்தக் காய்ச்சல் வந்துவிடும். பெரிதாகக் கொதிக்காது, உடம்பு நனைந்த சாக்குப் போலக் கனக்கும், அவ்வளவுதான். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டி.பி. என்றார்கள். ஒன்றரை வருஷம் விடாமல் மாத்திரை, நல்ல ஓய்வு, மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். மாத்திரைக்கு வீட்டில் யாரும் தடை சொல்லவில்லை. ஓய்வைத்தான் யாரும் நம்பவில்லை.

நாத்தனார் பாண்டியம்மாள் உச்சிப்புளி டென்ட் கொட்டகையில் ஒரு டி.பி. படத்தை மூன்று தடவை பார்த்தவள். அதில் டி.பி. வந்தவள் இருமினால் கைக்குட்டையெல்லாம் ரத்தம். ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடுவாள். கறுப்பு வெள்ளைப் படம்தான். சிவப்பைப் பாண்டியம்மாளே போட்டுக்கொண்டாள்.

"ஒனக்கு ஒரு சொட்டாச்சும் வந்துச்சா மதினி? சோறு நல்லாத்தான எறங்குது. கொடத்தக் கண்டா மட்டும் நோவு."

"படத்துல அவ தண்ணி எடுத்தாளா பாண்டி?"

"அவளுக்கு வேலக்காரி இருந்தா."

மறுநாள் நடந்ததை யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. வாயில் வெற்றிலை இருந்தது. இருமல் வந்தது. கைக்குக் கிடைத்தது பழைய வேட்டித் துணி. அதில் படிந்த சிவப்பைப் பார்த்த பாண்டியம்மாள் குடத்தை நழுவவிட்டாள். இராமலட்சுமி வாயைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள்.

ஐந்து நாள் அவளை யாரும் எழுந்திருக்க விடவில்லை. கணவன் செல்லச்சாமி பீடியைக் கொல்லைக்குப் போய்க் குடித்தான். மாரியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். இராமலட்சுமி பகலெல்லாம் தூங்கினாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி நாள். சேலை மாற்றிச் சீட்டோடு வந்து நின்றாள். செல்லச்சாமி சட்டைகூடப் போடவில்லை.

"இனி எதுக்கு புள்ள அலைச்சல்? ரத்தம் வந்தப்பறம் டாக்டரே கைய விரிச்சுட்டாராம்ல."

"எந்த டாக்டரு?"

அவன் தங்கையைப் பார்த்தான். "படத்துல."

"அது வெத்தலச் சாறுங்க. நாந்தான் சொல்லாம இருந்துட்டேன்."

"இப்பிடித்தாண்ணே அவளும் மறைச்சா" என்று பாண்டியம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

டப்பாவில் நான்கு மாத்திரைதான் மிச்சம். பத்து மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. "படத்துல அவ தண்ணி எடுக்கலல்ல? இப்பப் பாருங்க" என்று இராமலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடத்தை எடுத்தாள். கிணற்றிலிருந்து நிறைகுடத்தோடு வந்து, புருஷன் முன்னாலேயே நடந்து, தொட்டியில் ஊற்றினாள். இரண்டாவது குடத்தோடு வந்தபோது அவன் எழுந்து நின்றான். அவள் நிற்காமல் அதையும் ஊற்றினாள். நெஞ்சுக்குள் ஏறி வந்த இருமலை வாயை இறுக்கி அடக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், மூன்றாவது குடத்துக்கு நடந்தாள்.