அக்காவுக்கு ஒரு அரசுக் கடிதம்

காலை வானொலியில் 'உங்கள் குறை' கால் மணி நேரம் ஓடும். அதற்குக் கடிதம் பொறுக்குவது அவன் வேலை. பொறுக்குவது என்பது பேச்சுக்குத்தான். திங்கட்கிழமை ஓர் ஆள் போய் ஏதாவது ஒரு தெருவில் விளக்கைக் கழற்றிக்கொண்டு வருவான். புதன்கிழமைக்குள் அந்தத் தெருக்காரர் யாராவது எழுதுவார். எழுதாவிட்டால் இவனே எழுதுவான். வெள்ளிக்கிழமை விளக்கு எரியும், சனிக்கிழமை நாடே கேட்கும். 'கிள்ளிவிட்டுத் தொட்டில் ஆட்டும் பிரிவு' என்று அலுவலகத்தில் அதற்குப் பெயர். சிரிக்காமல் சொல்வார்கள்.

விளக்கு, குழாய், குப்பை எல்லாம் வானொலிக்கு. ஆளைக் காணோம் என்று வரும் கடிதங்கள் சிவப்புத் தட்டுக்கு. மாலையில் தட்டு பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும். அங்கிருந்து, எழுதியவர் வீட்டுக்கு ஆள் போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிரித்த உறையில் அக்காவின் கையெழுத்து இருந்தது.

'மதிப்புக்குரிய ஐயா, எங்கள் தெருவுக்கு விளக்குப் போட்டதற்கு நன்றி. இன்னொரு சின்னக் குறை. அச்சகத்தில் வேலை பார்த்த என் கணவரை நான்கு மாதம் முன்பு விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். இன்னும் அனுப்பவில்லை. ஆவன செய்யவும்.'

அதை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா இதை எழுதினே?"

"விளக்கு கேட்டேன், மூணே நாள்ல போட்டாங்க. உன்கிட்ட நாலு மாசமா கேக்கிறேன், தலையைச் சொறியறே."

"அந்த விளக்கைக் கழட்டினதே நாங்கதான்."

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "படிப்பைப் பாதியில விட்டப்பவும் வாத்தியார்மேலதான் பழி போட்டே."

"சத்தியமாக்கா."

"சரி, கழட்டினவங்களுக்கு மாட்டத் தெரிஞ்சுதுல்ல? உங்க மாமாவைக் கொண்டுபோனவங்கதானே கொண்டுவரணும்? வாரம் ஒண்ணு எழுதப்போறேன்."

அவன் ஒருநாள் லீவு போட்டால் போதும், கடிதம் வேறு கைக்குப் போகும். மறுநாள் அரசு முத்திரைத் தாளில் அவனே பதில் அடித்தான். பிழைப்புக்கு எழுதியதெல்லாம் இதற்குப் பழகத்தானோ என்னவோ, ஒரே மூச்சில் வந்தது.

'தங்கள் கணவர் நலம். விசாரணை முடியும் நிலையில் உள்ளது. மீண்டும் எழுதினால் கோப்பு முதலிலிருந்து பார்க்கப்படும். ஆகவே பொறுமையுடன் காத்திருக்கவும்.'

அக்கா அதன்பின் எழுதவில்லை. வயிறாரச் சாப்பிட்டாள். மாமாவின் சட்டைகளை எடுத்துத் துவைத்தாள். கடிதத்தை எதிர்வீட்டுத் தையல்காரியிடம் காட்டினாள். அவளுடைய மகனையும் அதே வாரம்தான் கொண்டுபோயிருந்தார்கள். தையல்காரி அதை இரவல் வாங்கிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்துப் பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். மேசைமேல் அந்தக் கடிதம் கிடந்தது.

"இது யார் வேலை?"

"என் வேலைதான் சார்." அக்காவை எந்த ஊருக்கு அனுப்பலாம் என்று மனம் கணக்குப் போட்டது.

"அந்தப் பொம்பளை ஸ்டேஷன்ல என்ன சொன்னா தெரியுமா? 'எனக்கும் இப்படி ஒரு கடுதாசி கொடுங்க, பேசாம இருந்துக்கறேன்'னிருக்கா. இத்தனை வருஷம் லத்தியால முடியாததுப்பா இது." அவர் இழுப்பறையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார். "பேரை மட்டும் மாத்தி மாத்தி இருநூறு அடி. இந்த வீடுகளுக்கெல்லாம் போகணும்."

"இவங்கெல்லாம் எப்ப சார் திரும்பி வருவாங்க?"

"வர்றதா இருந்தா கடுதாசி எதுக்கு?"

இடத்துக்கு வந்து பட்டியலை விரித்தான். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, கடிதம் போனதும் குறியிட ஒரு கட்டம் இருந்தது. தையல்காரி மகன் ஒன்பதாவது. நாற்பத்தொன்றில் மாமா.

அக்காவுக்குக் கடிதம் ஏற்கெனவே போய்விட்டது. மாமாவின் கட்டத்தில் குறியைப் போட்டுவிட்டு, ஒன்றாவது பெயருக்குத் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினான்.