பின் இருக்கையின் எடை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓர் அளவு நாடாவின் நுனியில். மறு நுனியைப் பிடித்திருந்தவர் பக்கத்து வீட்டு ஆர்விட். நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா, பிறகு கோபித்துக்கொள்ளக் கூடாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தெற்கு டக்கோட்டாவின் சோளக்காடுகளுக்கு மேல் சூரியன் மெல்ல..." வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.

இரண்டாவது தொடக்கம்: "ஆர்விட்டுக்கு எழுபத்தொரு வயது. நாற்பது வருஷமாக மனைவி லவோனைப் பின்னால் வைத்து மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். போன வருஷம் சிக்னலில் நின்றபோது முட்டி மடங்கி, வண்டியோடும் மனைவியோடும் சரிந்தார்." பரவாயில்லை, இருக்கட்டும்.

லவோனுக்கு அடி ஒன்றும் இல்லை. ஆனால் அதன்பின் அவள் ஏறவே இல்லை. அதற்காகத்தான் ஆர்விட், வண்டியை மூன்று சக்கரமாக மாற்றுகிற கிட் ஒன்று வாங்கி, பின்னால் ஒரு சக்கரத்துக்குப் பதில் இரண்டு மாட்டினார். மூன்று சக்கரம் சரியாது.

"ஒரே ஒரு தடவை உக்காந்து பாக்கறேன்" என்றாள் லவோன். "தூக்கித் தூக்கிப் போட்டுச்சுன்னா எறங்கிடுவேன். அப்புறம் என்னைக் கூப்பிடவே கூடாது."

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த பிறகு என்று பேச்சு.

2

இனி டயர். (அலுப்பவர்கள் மூன்றாவதுக்குப் போகலாம். போகாதீர்கள்.)

இந்தக் கிட்டுக்குப் பின்னால் கார் டயர்தான். நண்பர் கர்ட் அகலமான டயர் ஒன்றைக் காட்டி ஆசைகாட்டினார். ஆர்விட் அதன் விலாவை, அதாவது பக்கச் சுவரை, கட்டைவிரலால் அமுக்கினார். கல் மாதிரி இருந்தது, பள்ளத்தில் ஆளைத் தூக்கிப் போடும். விலா மெத்தென்றிருந்த சாதாரண டயரையே எடுத்தார்.

"டேய், இது பாட்டிங்க கார்ல போடற டயர்டா!"

"பின்னாடி உக்காரப்போறதும் பாட்டிதானேடா."

"அதைப் போய் லவோன்கிட்ட சொல்லு. உனக்குச் சக்கர நாற்காலியே தேவைப்படும்."

கடையில் காருக்கு அடிக்கிற மாதிரி முப்பத்தைந்து பவுண்டு காற்றடித்துக் கொடுத்தார்கள். ஆர்விட் டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். கோட்டின் நடுப்பகுதி மட்டும் அழிந்திருந்தது. காற்று அதிகம், காரில் பாதி எடைகூட இல்லாத வண்டி அல்லவா. கொஞ்சம் இறக்கினார், கோடு போட்டார், ஓட்டினார். இருபது பவுண்டில்தான் கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒன்றுபோல அழிந்தது.

3

அடுத்தது பின் சஸ்பென்ஷன், குலுக்கலை வாங்கிக்கொள்கிற பாகம். அதில் இரண்டு காற்றுப்பைகள். பின் இருக்கையில் ஆள் ஏறினால் வண்டி ஓர் அங்குலம் இறங்க வேண்டும். கூட இறங்கினால் அடி தட்டும். குறைவாக இறங்கினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஆளைத் தூக்கிப் போடும். எத்தனை எடைக்கு எவ்வளவு காற்று என்று கிட்டோடு ஓர் அட்டவணை வந்திருந்தது.

ஆக, லவோனின் எடை தெரிய வேண்டும்.

(இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆர்விட்டைத் தைரியசாலி ஆக்கி, நேராகக் கேட்கவைக்கலாமா? முடியாது. அந்த மனுஷனை எனக்குத் தெரியும்.)

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, கைப்பையிலிருந்து அவளுடைய டிரைவிங் லைசென்ஸை எடுத்தார். எடை: 145 பவுண்டு.*

* இங்கே தெற்கு டக்கோட்டாவில் லைசென்ஸில் எடையை நாம் சொல்லுகிறபடி எழுதிக்கொள்வார்கள். தராசில் ஏற்றிப் பார்ப்பதில்லை. லவோனின் 145, கல்யாணமான புதிதில் சொன்னது. எத்தனை முறை புதுப்பித்தும் மாறவில்லை. என் லைசென்ஸைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

ஊர் வழக்கம் தெரிந்தவர் ஆர்விட். முப்பதைக் கூட்டி, 175க்குக் காற்றடித்தார்.

4

ஞாயிறு. லவோன் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நாடாவைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"எவ்வளவு எறங்கிச்சு?"

"அரை அங்குலம்கூட இல்ல, ஆர்விட்."

"சரியாப் பாருங்க."

மறுபடி பார்த்தேன். அதேதான்.

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? நான் ஏறினா வண்டி தாங்கலையாமா?"

"அதெல்லாம் இல்ல. காத்து கொஞ்சம் கூடிப்போச்சு."

அட்டவணையைப் பார்த்து 160க்கு இறக்கினார். போதவில்லை. 145. அப்போதும் போதவில்லை. 120க்கு வந்தபோதுதான் நாடா ஓர் அங்குலம் காட்டியது. கல்யாணமான புதிதில் சொன்னதைவிடவும் இருபத்தைந்து பவுண்டு குறைவு.

ஆர்விட் குனிந்தபடியே இருந்தார். ஆகஸ்ட் மாதத்தில் அவள் போட்டிருக்கிற தொளதொளத்த ஸ்வெட்டர் அவர் கண்ணில் பட்டது. "எனக்குப் போதும்" என்று தட்டில் பாதியை அவர் பக்கம் தள்ளுவதும், வியாழக்கிழமைகளில் தனியாக டவுனுக்குப் போய்வருவதும் ஒவ்வொன்றாக... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

5

ஒரு முடிவு: அவர் கேட்டுவிடுகிறார். அவள் இறங்கி, கையுறையைக் கழற்றி, தன் உடம்பைப் பற்றியும் வியாழக்கிழமைகளைப் பற்றியும் எல்லாவற்றையும் சொல்கிறாள். வண்டி அன்று கிளம்பவில்லை.

இன்னொரு முடிவு: அவர் கேட்கவில்லை. ஆற்றோரமாக முப்பது மைல். வண்டி ஒரு தரம்கூட அவளைத் தூக்கிப் போடவில்லை. அவள் சிரிக்கிறாள்.

இரண்டையும் எழுதினேன், இரண்டையும் அடித்தேன். முதலாவதில் அவளுடைய ஞாயிற்றுக்கிழமையை நான் பறித்துக்கொள்கிறேன். இரண்டாவதில் அவரை ஒரு பொய்யனாக்குகிறேன்.

"என்ன, கிளம்பலாமா வேண்டாமா?" என்றாள் லவோன்.

ஆர்விட் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கேட்பதென்றால் இப்போதுதான். முன்னால் ஏறிவிட்டால் அவளுடைய முகம் அவருக்குத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள் கண்ணுகளா, நான் அவரை ஏறச் சொல்லட்டுமா?