ஆபத்தில்லாத இடத்தில் ஒரு குத்துவிளக்கு

ஞானசீலனுக்கு வீடு செம்பூரில், தின்னர் தாராவியில். இரண்டையும் அவர் ஒருநாளும் கலந்ததில்லை. செம்பூர்க் காலனியில் அவர் வீட்டுக் கதவைத் திறந்தால் ரூம் ஸ்ப்ரே மணக்கும். தாராவியில் அவர் காலாவின் ஷட்டரைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் கொட்டும். பட்டறைக்கு எடுக்கும் அறையைப் பம்பாயில் காலா என்பார்கள். அந்தச் சந்தில் அப்படிப் பத்துப் பன்னிரண்டு. முதல் காலாவில் ஞானசீலன் பெயிண்டில் கலக்கும் தின்னரை டிரம் டிரம்மாக அடைத்தார். கடைசிக் காலாவில் தங்கமயில் முறுக்குச் சுட்டாள். நடுவில் பை தைப்பவர்களும் அட்டைப் பெட்டிக்காரர்களும் இரண்டு வாசத்தையும் சேர்த்து மூச்சுவிட்டார்கள்.

ஞானசீலன் வெறும் தின்னர்காரர் இல்லை. தென்மாவட்டத் தமிழர் நற்பணி மன்றத்தின் நிரந்தரத் தலைவர். நிரந்தரம் என்ற சொல் மன்றத்தின் விதிகளில் எங்கும் கிடையாது. அவருடைய விசிட்டிங் கார்டில் இருந்தது.

வட்டாரத்தைப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்று ஒரு திட்டக் குழு வந்தது. வந்ததும் முதல் வேலையாக வரைபடத்துக்கு வண்ணம் பூசியது. அதில் இந்தச் சந்து வெளிறிய கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. அப்படியென்றால் இலகு தொழில் மண்டலம். ஆபத்தான உற்பத்தி எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்துக் கல்யாணுக்கு அப்பால் ஒதுக்கியிருக்கும் பொட்டல்வெளிக்கு மூட்டை கட்ட வேண்டும். கூடவே இன்னொரு விதி: தீப்பற்றும் சரக்கும் திறந்த நெருப்பும் ஒரே சந்தில் சேர்ந்து இருக்கக் கூடாது. ஆக, தின்னர் இருந்தால் அடுப்பு போக வேண்டும், அடுப்பு இருந்தால் தின்னர் போக வேண்டும்.

எம்பிஏ படித்த மகன் டென்சில் இதை ஒரே இரவில் தீர்த்தான். 'ஞானா தின்னர் அண்டு கெமிக்கல்ஸ்' போர்டு இறங்கி, 'ஞானா சர்ஃபேஸ் கேர்' போர்டு ஏறியது. விண்ணப்பத்தில் "வண்ணத் துறைக்கு உறுதுணைச் சேவை" என்று எழுதினான். குழுவும் மயங்கியது. வரைவுப் பட்டியலில் ஞானாவுக்கு எதிரே 'ஆபத்தில்லை' என்று வந்தது. தங்கமயிலுக்கு எதிரே 'திறந்த நெருப்பு, கொதிக்கும் எண்ணெய், ஆபத்து' என்று வந்தது.

கல்யாணுக்கு அப்பாலிருந்து முறுக்கு ரயிலேறி மாட்டுங்காக் கடைகள் வரைக்கும் வந்துவிடும். பிழிகிற பெண்கள்? தண்ணீர் வருகிற நேரமும் பிள்ளை பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் பார்த்து, அடுப்புக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் தங்கமயிலுக்குத் தொழிலே இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சந்தின் முதல் காலாவுக்கு நடந்தாள்.

"என்ன அண்ணாச்சி, எங்க அடுப்ப ஆபத்துன்னு எழுதிட்டாவளாமே?"

"நான் எங்கம்மா எழுதினேன்? கமிட்டில்லா எழுதியிருக்கு. எல்லாம் ஸயண்டிஃபிக்கா பாத்திருக்காங்க."

"அப்ப ஒங்க டிரம்மு?"

"அது டிரம் இல்லம்மா. ஸ்டாக்."

"அதுல தீ பிடிக்காதா?"

"யாராவது பத்த வச்சாத்தான பிடிக்கும்! ஒன் அடுப்பு அப்படியா? அது காலையில இருந்தே பத்திக்கிட்டில்லா இருக்கு!"

டென்சில் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். "ஆண்ட்டி, ரிஸ்க் சார்ட்ல உங்க சக்லி ரெட்ல வருது. நாங்க கிரீன்."

"முறுக்கு செவப்பாத்தான தம்பி வரணும். பச்சையா இருந்தா எவன் திம்பான்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் பட்டியல் அப்படியேதான் இருந்தது.

கடைசிப் பட்டியல் போடுமுன் குழுவின் அதிகாரி கேஷவ் நேரில் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. ஞானசீலன் அதை விழாவாக்கினார். ஆய்வுக்கு வருகிறவர் குனிந்து பார்ப்பார், விழாவுக்கு வருகிறவர் நிமிர்ந்து உட்காருவார் என்பது அவருடைய பொதுவாழ்வின் சாரம். 'ஆபத்தில்லாத தொழிலகம்' என்று மூன்று மொழியில் பேனர் அடித்தார்கள். தமிழ் கடைசியில் இருந்தது, டென்சிலால் அதைப் படிக்க முடியாது என்பதால்.

டிரம்கள்தான் தொல்லை. ஒருநாளைக்கு மட்டும் சுனாபட்டியில் தெரிந்தவர் கிடங்கில் வைக்கலாம் என்று டெம்போக்காரர் இனாயத்துல்லாவைக் கூப்பிட்டார். இனாயத்துல்லா மூக்கைச் சுளித்தார்.

"சேட், என் வண்டிய ஸ்டார்ட் பண்ணாலே பொறி பறக்கும். நான் புள்ளகுட்டிக்காரன்."

"பயப்படாதப்பா. இது சர்ஃபேஸ் கேர்தான்."

"அப்ப ஒங்க கார்லயே வச்சு செம்பூருக்குக் கொண்டு போங்களேன்."

ஞானசீலனுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. டிரம்களை வெளியே அனுப்ப முடியாது, உள்ளே காட்டவும் முடியாது. கடைசியில் அவற்றைக் காலாவின் கோடியில் நெருக்கமாக உருட்டி நிறுத்தி, மேலே பலகை அடுக்கி, பலகைக்கு மேல் சிவப்புக் கம்பளம் விரித்து, முன்னால் வெள்ளை ஃபிரில் கட்டச் சொன்னார். அருமையான மேடை. பிரச்சினைக்கு மேலே நாற்காலி போட்டு உட்காருவது தலைவர்களுக்கு ஒன்றும் புதிதில்லை.

ஆபத்து தெரியாத மனிதரல்ல அவர். ஊதுபத்தி கூடாது என்று உத்தரவு போட்டார். போட்டோக்காரன் வாயிலிருந்த பீடியைத் தன் கையாலேயே பிடுங்கி வெளியே எறிந்தார். வாடையை அமுக்கக் கூடை கூடையாக மல்லிகை இறக்கினார். எல்லாவற்றையும் யோசித்த மனிதர் அழைப்பிதழை மட்டும் யோசிக்காமல் எழுதினார். இருபது வருஷமாக மன்றத்துக்கு அழைப்பிதழ் எழுதிய கை அது. பேனாவைத் திறந்தால் முதல் வரியில் இறைவணக்கம் விழும். இரண்டாம் வரியில் குத்துவிளக்கேற்றுதல் விழும். ஏற்றுபவர்: உயர்திரு கேஷவ் அவர்கள். கை எழுதியது, அச்சகம் அடித்தது, எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. விளக்கு இல்லாமல் தமிழனுக்கு விழா கிடையாது என்பதால் அந்த வரியை எவரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

தங்கமயில் பார்த்தாள்.

விழாவன்று காலையில் ஞானசீலனின் மனைவி ஜெயசீலி பட்டுச்சேலை சரசரக்க அவள் காலாவுக்கு வந்தார். ஆபீசர் வருகிற நாளில் புகை கூடாது என்று சொல்லியிருந்ததால் அடுப்பு அணைந்து கிடந்தது. பிழிகிற பெண்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"தங்கமயிலு, ஒன் குத்துவிளக்கக் கொஞ்சம் குடேன். எங்க விளக்கு உச்சியில சிலுவை இருக்கு. ஆபீசர் ஏதாவது நெனச்சுருவார்னு டென்சில் பயப்படுதான்."

"அதுக்கென்னக்கா, தாரேன். எங்க வைப்பிய?"

"மேடையிலதான். வேற எங்க?"

தங்கமயில் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். டிரம்கள் உருண்டதைச் சந்து முழுக்கப் பார்த்திருந்தது. செம்பூரிலிருந்து காரில் வந்து இறங்கிய ஜெயசீலிக்கு மட்டும் தெரியாது. தங்கமயில் விளக்கைப் புளி போட்டுத் துலக்கி, எண்ணெய் ஊற்றி, திரியும் போட்டுக் கொடுத்தாள்.

"தீப்பெட்டி இருக்காக்கா?"

"அவுகதான் காலாவுக்குள்ள தீப்பெட்டியே விடமாட்டாகளே."

"சரி, நான் கொண்டாரேன்."

கேஷவ் சயானில் டிராஃபிக்கில் மாட்டித் தாமதமாக வந்தார். காலையிலிருந்து பல சந்து பார்த்துக் களைத்த மனிதர். பார்த்த இடத்தில் ஒரு படம் எடுத்துச் சாயங்காலத்துக்குள் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் வந்ததாகவே கணக்கில்லை என்பது அவர் ஆபீஸ் முறை. உள்ளே நுழைந்ததும், "யே காய்கா வாஸ் ஹை?" என்று மூக்கைத் தேய்த்தார். இது என்ன வாடை? "ஃப்ரெஷ் பெயிண்ட், சர்!" என்றான் டென்சில். அவரை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, ஜெயசீலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர் நிமிர்ந்துதான் உட்கார்ந்தார்.

ஞானசீலன் ஏற்கனவே பேசிக்கொண்டிருந்தார். ஆபீசருக்காக ஆங்கிலத்திலும் மன்றத்துக்காகத் தமிழிலுமாகப் பேச்சு தொடர்ந்தது. "லேடீஸ் அண்டு ஜென்டில்மென், இந்த இடம் நூறு சதவீதம் சேஃப்! ஒரு கைக்குழந்தைய இங்க தவழ விட்டுட்டு நீங்க நிம்மதியா வேலைக்குப் போகலாம்!" சொல்லி முடித்து, குழந்தை ஏதாவது வருகிறதா என்று பார்ப்பதுபோல் கூட்டத்தைப் பார்த்தார். கைதட்டினார்கள்.

டென்சில் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்த தமிழைப் பார்த்துப் படித்தான். "அடுத்து... குத்துவிளக்கு ஏற்றுதல்!"

கேஷவ் ஷூவைக் கழற்றிவிட்டு விளக்கின் முன் வந்தார். தங்கமயில் மேடையேறி அவர் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தாள். வழக்கப்படி ஞானசீலன் ஆபீசரின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கேஷவும் கேமராவைப் பார்த்தபடியே ஒரு குச்சியை எடுத்தார். போட்டோக்காரன், "கொஞ்சம் கீழ பாருங்க சார், விளக்கப் பாருங்க" என்றான். ஞானசீலன் கீழே பார்த்தார். விளக்கு தெரிந்தது. விளக்குக்குக் கீழே கம்பளம் தெரிந்தது. கம்பளத்தில் ஓர் ஓரம் ஈரமாக இருந்தது.

இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கைக்கும் மூளைக்கும் தொடர்பு கிடைத்தது.

"ஏல! கீழ போடுல! குச்சியக் கீழ போடுல! அம்புட்டுப் பேரும் செத்துருவோம்ல!"

ஆங்கிலம் போயிற்று, மன்றத் தமிழும் போயிற்று. நிரந்தரத் தலைவர் மேடையை விட்டு முதல் ஆளாகக் குதித்தார். கேஷவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தத் தமிழுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பொன்னாடையோடும் வெறுங்காலோடும் அவர் இரண்டாவதாகக் குதித்தார். பிறகு கூட்டம் மொத்தமாக வாசலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்தது. டென்சில் பேனரைப் பிய்த்துச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தான். பிராண்டை விட்டுவிட்டு வர அவன் படித்த படிப்பு இடம் கொடுக்கவில்லை. ஜெயசீலி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே புருஷனைத் துரத்தினார்.

"டிரம்மு மேலயா என்னைய ஒக்கார வச்சிய? இந்தப் பட்டோட?"

தங்கமயில் மட்டும் நிதானமாக விளக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அவளுடைய விளக்கல்லவா.

ஓட்டம் சந்தின் மறுகோடியில், அவள் காலா வாசலில் போய் நின்றது. அதற்கு மேல் ஓட மெயின் ரோடுதான். கேஷவை ஒரு எண்ணெய் டின்மீது உட்கார வைத்துத் தண்ணீரும் ஒரு தட்டு முறுக்கும் கொடுத்தாள். இரண்டாவது முறுக்கில் அவருக்கு மூச்சு வந்தது. மூன்றாவதில் ஆபீஸ் ஞாபகம் வந்தது. போனைப் பார்த்தார். படம் வேண்டும். விளக்கேற்றும் படம் என்று காலையிலேயே மேலே சொல்லியாகிவிட்டது.

தின்கிற முறுக்கையும் அணைந்த அடுப்பையும் சந்தேகத்தோடு பார்த்து, "இதர் ஆக் லகாயேகா தோ க்யா ஹோகா?" என்று கேட்டார். இங்கே நெருப்புப் பற்ற வைத்தால் என்ன ஆகும்?

"சக்லி ஹோகா, சாப்" என்றாள் தங்கமயில்.

பிழிகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கேஷவும் சிரித்துவிட்டார். விளக்கு அடுப்பின் பக்கத்தில் வைக்கப்பட்டது. டென்சில் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, பேனரை விரித்துப் பின்சுவரில் மாட்டினான். விழா என்றால் பின்னால் பேனர் வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். கேஷவின் முஷ்டிக்குள் இன்னும் அந்தத் தீப்பெட்டி நசுங்கிக் கிடந்தது. ஒரு குச்சியை எடுத்து உரசினார். பற்றவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பெட்டி முழுக்க ஏற்கனவே எரிந்த, தலை கருத்த குச்சிகள்.

தங்கமயில் மெல்ல அதை வாங்கிக்கொண்டாள். ஜெயசீலியின் காதுக்கு மட்டும், "நல்ல குச்சியையா அந்த மேடைக்குக் கொண்டாருவேன், அக்கா? நீங்களும்லா ஒக்காந்திருந்திய" என்றாள். பிறகு லைட்டரால் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஆபீசர் ஒரு காகிதத்தைச் சுருட்டி அடுப்பில் காட்டி விளக்கை ஏற்றினார். ஐந்து திரியும் எரிந்தன. போட்டோக்காரன் கிளிக்கினான். படத்தில் விளக்கு, ஆபீசர், அடுப்பு, மேலே மூன்று மொழியில் 'ஆபத்தில்லாத தொழிலகம்'.

கடைசிப் பட்டியல் அடுத்த மாதம் வந்தது. படம் மேலே மேலே போயிருந்தது. அரசாங்கத்தின் ஆளே நெருப்பு மூட்டித் தொடங்கி வைத்த அடுப்பை ஆபத்து என்று எழுதினால், மூட்டியவரையும் கல்யாணுக்கு அப்பால் அனுப்ப வேண்டிவரும் என்று யாரோ ஒருவர் கவலைப்பட்டிருக்க வேண்டும். தங்கமயிலுக்கு எதிரே 'வெப்ப முறை உணவுச் சேவை, ஆபத்தில்லை' என்று இருந்தது. அடுப்பு இருந்தால் தின்னர் போக வேண்டும் என்ற அதே விதிப்படி ஞானாவுக்கு எதிரே கல்யாண் இருந்தது. தங்கமயில் அதைப் பெண்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு, "சரி, மாவு காயுது, பிழிங்க" என்றாள்.

ஞானசீலன் சும்மா போகிறவரல்ல. சந்து மக்களின் பாதுகாப்புக்காகத் தாமாகவே முன்வந்து விலகிப் போவதாக மன்றத்தில் உரையாற்றினார். அதற்கு ஒரு பொன்னாடையும் வாங்கிக்கொண்டார். அது முடிந்த கையோடு புது இடத்துத் தொடக்க விழா அழைப்பிதழை எடுத்துக்கொண்டு தங்கமயிலிடம் வந்தார்.

"நீ கட்டாயம் வரணும்மா. நடந்ததெல்லாம் மனசுல வச்சுக்காத."

தங்கமயில் பிரித்துப் பார்த்தாள். முதல் வரி இறைவணக்கம். இரண்டாம் வரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"விளக்கு வேணுமா அண்ணாச்சி?"

"வேணும்தான். விளக்கு இல்லாம ஒரு விழாவா?"

விளக்கை எடுத்துக் கொடுத்தாள். பிறகு அலமாரியில் தடவி, நசுங்கிய அந்தத் தீப்பெட்டியையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார். குச்சிகள் சத்தம் கேட்டது.

"நல்ல பெட்டிதான?"

"ஒங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன், அண்ணாச்சி. நூறு சதவீதம் சேஃப்."