தரணேந்திரனும் ஒற்றை எழுத்தும்

திண்டிவனத்துச் சமணக் கோயிலான ஜினாலயத்தில் இருபத்தெட்டுக் குடும்பங்கள் முறை வைத்து அபிஷேகம் செய்கின்றன. அந்த முறைக்கு விதி வகுத்தவர் ஜினசந்திரனின் தாத்தா தரணேந்திரன். ஆண்டுதோறும் வரிசையைக் கணக்கிட்டு, கூட்டத்தில் அவர் வீட்டுப் பெரியவரே எழுந்து நின்று படிப்பது வழக்கம். இந்த ஆண்டு கணக்கிடும் வேலையை ஜினசந்திரனின் மருமகள் அனுஷா பைத்தான் கணினி மொழியில் நிரலாக எழுதியிருந்தாள்.

கூட்டத்துக்குப் புறப்படும் காலையில் லேப்டாப்பில் அந்த நிரலின் முதல் வரியைப் பார்த்து ஜினசந்திரன் முகம் சுளித்தார்.

“ஏம்மா, எங்க தாத்தா பேரு பக்கத்துல ‘ஆஸ் த’ன்னு போட்டிருக்கியே, என்னாது?”

“விதியெல்லாம் தாத்தா பேர்ல தனி ஃபைலா இருக்குது மாமா. அத இங்க இம்போர்ட் பண்றேன், வரவழைக்கிறேன். வரிக்கு வரி முழுப்பேரு எழுதினா நீண்டுக்கினே போவுது. அதான் சுருக்கமா ‘த’ன்னு கூப்பிட ‘ஆஸ் த’.”

“அவர் வந்தா ஊரே எழுந்து நிக்கும். அவரு ஒத்த எழுத்தா?”

“அந்த ஃபைல் பேரு மாறலிங்க மாமா. இங்க கூப்பிடறது மட்டும் அப்படி.”

அவள் புடவை மாற்றப் போனாள். ஜினசந்திரன் முதல் வரியின் கடைசி இரண்டு சொற்களான ‘ஆஸ் த’வை அழித்தார். அவள் தினமும் அழுத்துவதைப் பார்த்திருந்ததால், சேமிக்கவும் தெரிந்திருந்தது. தாத்தாவின் படத்தில் ஒட்டிய தூசியைத் துடைத்த திருப்தி அவருக்கு.

கூட்டத்தில் அனுஷா இயக்கியதும் வரிசைக்குப் பதில் திரையில் பிழை என்று சிவப்பு எழுத்துகள் வந்தன.

“இன்னா அனுஷா, மிஷினு பேஜாரு பண்ணுதா?” என்றார் பங்காளி அப்பாண்டைராஜன். “எங்க வூட்டு மருமவளுங்க தெரியாத வேலையில கை வைக்க மாட்டாளுங்கப்பா!”

சிரிப்பு எழுந்தது. “நேத்து நல்லா ஓடிச்சுங்க” என்றாள் அனுஷா. யாரும் நம்பவில்லை. அவள் காது மடல் சிவந்தது. தாம் வாயைத் திறக்காவிட்டால், வேலை தெரியாதவள் என்ற பெயர் இந்த இருபத்தெட்டு வீடுகளிலும் அவளுக்கு நிலைத்துவிடும் என்று ஜினசந்திரனுக்குப் புரிந்தது. திறந்தால், தலைகுனிவு தமக்கு.

எழுந்து நின்றார். “நான்தான் கை வச்சேன். மொத வரியில கடைசி ரெண்டு சொல்லையும் அழிச்சேன். அவ எழுதுனதுல தப்பு இல்ல.”

அனுஷா அந்தச் சொற்களைத் திரும்பத் தட்டி இயக்கினாள். வரிசை வந்து நின்றது.

ஜினசந்திரன் அவளருகே குனிந்தார். “முழுப்பேருதானம்மா வச்சேன். மிஷினுக்கு ஏன் தெரியல?”

“கீழ அறுபது வரி ‘த’வத் தேடுது மாமா. அது யாருன்னு சொன்னது அந்த ரெண்டு சொல்லுதான்.”

“சரி, இப்ப முழுப்பேரு சொல்லிக் கூப்பிட்டா?”

“தெரியாதுன்னுடும். இந்த ஃபைலுக்குத் தெரிஞ்சது ‘த’ மட்டும்தான்.”

“இன்னொரு ஃபைல்ல?”

“அங்க ‘ஆஸ் த’ போடாம வரவழைச்சா முழுப்பேராவே கூப்பிடலாம். ரெண்டு எடத்துலயும் வர்றது அதே ஆளுதான். ஒருதரம் வந்தவர அது மறுபடி புதுசா கொண்டாராது.”

“அப்ப அவரு குறையல.”

“இல்லிங்க மாமா.”

“பெரியவரே, படிங்க, ஜல்தி!” என்றார் அப்பாண்டைராஜன்.

“எழுதினவ படிப்பா” என்றார் ஜினசந்திரன்.

அந்தச் சபையில் இதுவரை ஒரு பெண் வரிசை படித்ததில்லை. அனுஷா தயங்கித் தயங்கி எழுந்தாள். முதல் பெயரை அவள் வாசித்தபோது, ஜினசந்திரன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்தச் சிறு ‘த’ லேப்டாப்பின் அடுத்தடுத்த வரிகளில் எங்கெங்கே வருகிறது என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தார்.