கேட்காமல் வந்து நின்றவர்

1.

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. ஒரு படம் வரையச் சொன்னால், சொல்லாத ஆளையும் சேர்த்து வரைந்து நீட்டிய ஏஐ மேல் வந்த எரிச்சல். எழுதித் தீர்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: "அப்பா இல்லாத அந்த வீட்டில் கிறிஸ்துமஸ்

பாருங்கள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அடித்துவிட்டேன்.

அடுத்தது: "மூன்று பெண்கள் மட்டுமே வாழும்

'மட்டுமே'க்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறார். அவருடைய செருப்பு நுனி தெரிகிறது. அதையும் அடித்தேன்.

சரி, இப்படி: ஒரு அம்மா துணி தைக்கிறாள். பெரியவள் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். சின்னவள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிறாள், பொத்தான் வைக்கிறாள்.

இது நிற்கும்.

(சின்னவள் நீதானே என்று கேட்பீர்கள். அவள் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். நானோ மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.)

2.

பெரியவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் வீட்டில் ஒவ்வொருவருக்கும் அம்மா ஒரு மெத்தை உறை தைத்திருந்தாள். பொட்டலம் கட்டியாகிவிட்டது. மேலே தொங்கவிட டேக் வேண்டும், அதாவது யாரிடமிருந்து யாருக்கு என்று எழுதுகிற அந்தச் சின்ன அட்டை. கடையில் விற்பது எல்லாவற்றிலும் அதே மணி, அதே நட்சத்திரம்.

"நாமளே செஞ்சுக்கலாம்மா. போன்ல சொன்னா வரைஞ்சு குடுக்குது," என்றாள் பெரியவள். போனைத் தங்கையிடம் தள்ளினாள். "நீ தட்டு. பேசவே வேணாம், எழுதினாப் போதும். உனக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு."

சின்னவள் எழுதினாள்: கிறிஸ்துமஸ் மரம், பக்கத்தில் ஒரு அம்மா, இரண்டு மகள்கள்.

மரம் வந்தது. அம்மா வந்தாள். மகள்கள் வந்தார்கள். பின்னால், அம்மாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு, சிவப்பு ஸ்வெட்டரில் ஒரு ஆள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

வாயில் குண்டூசியோடு அம்மா எட்டிப் பார்த்தாள். "யாருடி இது?"

"தெரியலம்மா. நான் கூப்பிடல."

'ஆண் வேண்டாம்' என்று சேர்த்தாள். இரண்டு பேர் வந்தார்கள். 'அப்பா இல்லாமல்' என்று எழுதினாள். மற்றவர் போய்விட்டார். ஸ்வெட்டர்காரர் மட்டும் நடுவில் வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெரியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வராதன்னு சொல்லச் சொல்ல உள்ள வர்றாரே! நம்ம ஆளு போகாதன்னு சொல்லச் சொல்லப் போனாரு."*

தையல் மெஷின் நின்றது.

* அக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவரைப் பற்றி இதற்கு மேல் இந்தக் கதையில் கிடைக்காது. எங்கே போனார், ஏன் போனார், திரும்பி வருவாரா என்று தேடுகிறவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். கதைக்கு ஆழம் வேண்டுமானால் நான் வேறு எங்காவது தோண்டிக்கொள்கிறேன்.

3.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் அம்மா.

"யாரு?"

"படத்துல இருக்கறவருதான். அவரு என்ன, சாப்பாடு கேக்கப் போறாரா? மாப்பிள்ளை வீட்டுல உங்கப்பா வெளியூர்ல வேலை பாக்கறாருன்னு சொல்லி வச்சிருக்கோம். மூணு பேரு மட்டும் நின்னா அடுத்த கேள்வி வரும். இவரு நின்னா வராது. பிரிண்ட் போடு."

பெரியவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியூர் வேலை அவள் சொன்ன பொய்தான்.

இந்த இடத்தில் அம்மாவைக் கோழை என்று எழுதியிருந்தேன். "ஊருக்குப் பயந்தே பழகிப்போன

எழுதின கை கூசியது. இரண்டு பிள்ளைகளையும் அந்த மெஷின் மிதியில்தான் வளர்த்தாள் அவள். ஆகவே, அவள் உண்மையில் சொன்னதையே போடுகிறேன்:

"ஒவ்வொரு வாசலா பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குதுடி. ஒரு வருஷம் ஒரு பொம்மை எனக்காகப் பதில் சொல்லட்டுமே."

சின்னவள் சொன்னாள்:

"நான் பிரிண்ட் போட மாட்டேன்."

"மாட்டியா?"

"மாட்டேன்."

"பாருடா, ஊமைக்கு வாய் வந்திருச்சு!" என்றாள் பெரியவள். சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

4.

சின்னவள் போனோடு சன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள். இந்த ஏஐக்கு 'இல்லை' புரியவில்லை என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. எந்தப் பேரைச் சொல்கிறோமோ அதைப் பிடித்துக்கொள்கிறது, வேண்டும், வேண்டாம் எல்லாம் அதற்கு ஒன்று. அப்படியானால் அந்தப் பேரையே எடுக்கக் கூடாது. இருக்கிறவர்களைப் பற்றி மட்டும், இடைவெளி விடாமல் சொல்ல வேண்டும்.

(முதல் பக்கத்தில் நான் பட்ட பாடு இதுதான் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.)

எழுதினாள்: வாயில் குண்டூசிகளோடு துணி வெட்டும் ஒருத்தி. முக்காலியில் ஏறி மரத்தில் அளவு டேப்பைச் சுற்றும் ஒருத்தி. தரையில் சம்மணமிட்டுப் பொத்தான்களைக் கோத்து மாலையாக்கும் ஒருத்தி. மூவரும் படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிறைந்திருக்கிறார்கள்.

வந்தது. மூன்று பேர். ஓரம்வரை நிறைந்து. நான்காவது ஆள் நுழைய வேண்டுமானால் மரத்தை வெட்டித்தான் நுழைய வேண்டும். முக்காலியில் நிற்பவளுக்கு ஒரு கையில் ஆறு விரல். இருக்கட்டும். அவளுக்கு வேலை அதிகம்.

கெட்டி அட்டையை, பெரியவள் கணக்கு வேலைக்கு வைத்திருந்த பிரிண்டர் இரண்டு தடவை கடித்துத் துப்பியது. ஒவ்வொன்றாகப் பின்பக்கமாக ஊட்டினாள். சிவப்பு மை தீர்ந்துகொண்டு வந்ததால் கடைசி அட்டைகளில் மரத்து உருண்டைகள் ஆரஞ்சு நிறமாகிவிட்டன. டேக்குகளாக வெட்டி, மேசையில் பரப்பினாள்.

அம்மா ஒன்றை எடுத்தாள். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சிருக்க?"

"இவங்கதாம்மா அந்த உறையெல்லாம் தைச்சாங்க," என்றாள் சின்னவள். "அவரு ஒரு பொத்தான் வச்சாரா?"

5.

இனி முடிவு.

ஒன்று: அம்மா எல்லாவற்றையும் கிழிக்கிறாள், சின்னவள் அழுகிறாள். எழுதிப் பார்த்தேன். அழ மறுக்கிறாள்.

இரண்டு: சம்பந்தி வீட்டார் படத்தைப் பார்த்துக் கண்கலங்கிப் பெரியவளைக் கட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் மன்னித்து ஏற்றுக்கொள்ள இங்கே யார் என்ன குற்றம் செய்தார்கள்? வேண்டாம்.

மூன்று: கதவு தட்டப்படுகிறது, சிவப்பு ஸ்வெட்டரில்

போய்யா வெளியே.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெரியவள் எழுந்து, துளை போடும் கருவியை எடுத்து வந்து அட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தத் தொடங்கினாள். நடுவில் ஒருமுறை, "நான் அவங்களுக்கு போன் பண்ணி, வெளியூர் வேலையெல்லாம் பொய்னு சொல்லிடறேன்," என்றாள், அட்டையிடம் சொல்வதுபோல. அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினாள். படத்துக்குக் கீழே, அனுப்புகிறவர்கள் பெயர் எழுத ஒரு கோடு இருக்கிறது. அதன்மேல் பேனா முனையை வைத்தபடி நிற்கிறாள்.

அவளை இங்கேயே விட்டுவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். பேனா இனி உங்கள் கையில். யார் யார் பெயர் வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள். மாமா, சித்தப்பா என்று யார் மனமும் நோகாமல் எழுதுங்கள். உங்களுக்கு அவர்மேல் இரக்கம் வந்தால் அவர் பெயரையும் முயன்று பாருங்கள்.

ஆனால் அந்தக் கோட்டைப் போட்டவள் சின்னவள். எங்கள் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அம்மாவின் டேப்பால் அளந்து போட்டாள். மூன்று பெயருக்குமேல் ஓர் எழுத்துக்கும் அதில் இடம் கிடையாது.