உலமிலா கேட்ட பாறை

கெலேரா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் பெரிய பானையை உலமிலா இடுப்பில் ஏற்றிவிட்டிருந்தாள்.

"அத்தை, அதுல இன்னும் கிழங்கு அவிக்கணும்!"

"உங்கப்பன் மண்டையில வெச்சு அவி. சூடு ஆற ரெண்டு நாளாவும்."

சாவு வீட்டில் வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் வாயில் பல் இருந்திருக்காது. உலமிலா எதிர்த்தீவுக்காரி. அந்தத் தீவும் இந்த ஊரும் தௌவு முறை. இரண்டுக்கும் ஒரே முப்பாட்டன் சாமி. ஒருவரை ஒருவர் எப்படி வேண்டுமானாலும் வையலாம், வீடு புகுந்து எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். தர மாட்டேன் என்று சொன்னவனுக்குத்தான் கேவலம். சாவு விழுந்தால் இன்னும் கொண்டாட்டம். காலையில் படகை விட்டு இறங்கியதிலிருந்து அவள் இரண்டு பாய், ஒரு கோழி, செத்தவரின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை என்று வரிசையாகக் கைப்பற்றிக்கொண்டிருந்தாள். சட்டையைப் போட்டும் கொண்டாள். பொத்தான் எட்டவில்லை.

செத்தவர் கெலேராவின் அப்பா அபகூகி. முந்தின நாள் காலை வடக்குப் பாறையில், முழங்கால் தண்ணீரில் குனிந்தவர் நிமிரவே இல்லை. கையில் ஒரு முள் நட்சத்திரமீன். பவளத்தைத் தின்று வெறும் எலும்பாக்கிவிட்டுப் போகிற சனியன் அது. ஏழு வருஷத்துக்கு முன்பு அவர் அதைக் கண்ட இடத்திலெல்லாம் கத்தியால் துண்டு துண்டாக வெட்டிக் கடலிலேயே வீசினார். ஒரு வருஷம் முழுக்க வீசினார். வெட்டின துண்டு திரும்ப முழு மீனாக வளர்ந்துவிடும் என்று மீன்வளத் துறைப் பெண் வந்து சொன்ன அன்று ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நட்சத்திர விவசாயி என்று பட்டமும் கட்டியது. அதற்கப்புறம் மனிதர் நீர் வற்றும் நேரமெல்லாம் கூடையோடு இறங்கி, ஒன்றொன்றாகப் பொறுக்கிக் கரையில் புதைத்தார். யாரோடும் அதிகம் பேசவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தின கோடையில் தண்ணீர் சூடாகி மேற்குப் பக்கத்துப் பவளமெல்லாம் வெளுத்துச் செத்தபோது, நீரோட்டம் உள்ள வடக்குப் பாறை மட்டும் தப்பியது. அவர் அதை விட்டு நகரவே இல்லை.

வெளியே கூடாரத்தில் ஆண்கள் கவா வேர்ச்சாறு குடித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். ஆள் செத்தால் அவர் பெயரில் ஒரு பாறையை நூறு நாள் மூட வேண்டும். அங்கே வலை போடக் கூடாது, நங்கூரம் இறக்கக் கூடாது. எந்தப் பாறை என்பதுதான் பேச்சு.

"மேற்குப் பாறை," என்றார் ஊர்த்தலைவரின் பேச்சாளர் விலிகேசா. "நல்ல அமைதியான இடம்."

கெலேராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அமைதியா இல்லாம என்ன பெரியப்பா? அங்கதான் உயிரே இல்லையே!" என்று சன்னல் வழியாகக் கேட்டுவிட்டாள். "அப்பா பேர்ல மூடறதுன்னா வடக்கைத்தான் மூடணும். வர்ற பௌர்ணமி கழிஞ்சதும் பவளம் முட்டை விடும். பாசியை மேயற கிளிமீனை எல்லாம் நீங்க வாரிட்டா பாசி மண்டிப்போவும். அப்புறம் குஞ்சுப் பவளம் எங்க போய் ஒட்டும்?"

"வடக்கை மூடிட்டு கிறிஸ்துமஸுக்கு என்னத்தைத் திங்கறது? உங்கப்பன் நட்சத்திரத்தையா?" என்றார் விலிகேசா.

கூடாரம் குலுங்கிச் சிரித்தது. "போ, போய் அழுவற வேலையைப் பாரு."

அழுகையா வந்தது? ஆத்திரம்தான் வந்தது. உயிரோடு இருந்தவரைப் பார்த்து ஆறு வருஷம் சிரித்தவர்கள், செத்த பிறகு செத்த பாறையைக் கொடுத்து முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்களே! அவள் அடுப்படிக்கு வந்தாள். உலமிலா கோழியின் காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்தியே அத்தை, பெரிசை விட்டுட்டியே."

"எது? பன்னியா? எங்கடி கட்டியிருக்கீங்க?"

"வடக்குப் பாறை."

உலமிலா கோழியைக் கீழே வைத்தாள். கெலேராவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் கேட்டா எவனும் மாட்டேன்னு சொல்ல முடியாது."

"முடியாது."

"அடி கள்ளி," என்றாள் உலமிலா, மிகுந்த மரியாதையோடு.

மதியம் சவப்பெட்டியைத் தூக்கிப் பத்தடி போவதற்குள் உலமிலா பாதையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு தாயே, வெயில் ஏறுது," என்றார் விலிகேசா.

"செத்தவனுக்கு வெயிலு என்ன பண்ணும்? எனக்குக் குடுக்க வேண்டியதைக் குடு, போறேன்."

"பன்னி ஒண்ணு எடுத்துக்கோ."

"அதான் பெட்டிக்கு முன்னாடி ஒண்ணு நிக்குதே, ஒழுங்கா மேய்க்கக்கூட ஆளில்லாம."

விலிகேசா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துத்தான் ஆக வேண்டும். "சரி, என்னதான் வேணும்?"

"வடக்குப் பாறை."

தூக்கியவர்கள் பெட்டியை மெல்லக் கீழே இறக்கினார்கள். விலிகேசா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். உலமிலாவோடு படகில் வந்த எதிர்த்தீவுக்காரர்கள் பன்னிரண்டு பேர் சாட்சியாக நின்றார்கள். இல்லை என்றால் பேரன் காலம் வரை சொல்லிச் சிரிப்பார்கள்.

"எடுத்துக்கோ," என்றார் ஒருவழியாக.

"எடுத்தாச்சு. எனக்கு இப்ப மீன் வேணாம். நூறு நாள் கெடக்கட்டும், அபகூகி பேர்ல. அதுக்குள்ள எவனாவது எம்பாறைப் பக்கம் வலையோட வந்தான், அவன் பொண்டாட்டியைத் தூக்கிட்டுப் போயிருவேன்."

"நெசமாவா?" என்று பெட்டி தூக்கியவர்களில் ஒருவர் ஆசையோடு கேட்டார்.

புதைத்து முடித்ததும், நீர் வற்றியிருந்த நேரத்தில், விலிகேசாவே முணுமுணுத்துக்கொண்டு போய் வடக்குப் பாறை ஓரத்தில், மூடியதற்கு அடையாளமாக, தென்னங்கீற்று கட்டிய கம்பை நட்டுவிட்டு வந்தார். பந்தியில் மரவள்ளிக் கிழங்கும் டப்பா மீனும். கடலோரத்தில் குடியிருந்துகொண்டு டப்பா மீன் தின்கிற கேவலம் தன் தலைமுறையில்தான் வர வேண்டுமா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் நீர் ஏறியதும் உலமிலா தன் கொள்ளைப் பொருளோடு படகில் ஏறினாள். "உங்கப்பன் மாதிரி ஒரு மடையனை இனிமே எங்கடி போய்த் தேடுவேன்," என்று கரைத் தண்ணீரில் நின்ற கெலேராவைப் பார்த்துப் படகிலிருந்து கத்தினாள். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

எதிர்த்தீவுக்கு நேர்வழி வடக்குப் பாறையின் மேலேதான். நீர் ஏறிவிட்டால் எல்லாப் படகும் அப்படித்தான் போகும். அரை மணி நேரம் மிச்சம். அவளைத் தடுக்க யாரும் இல்லை. பாறையே அவளுடையது.

கம்புக்குக் கொஞ்சம் முன்னால் மோட்டார் நின்றது. உலமிலா துடுப்பை எடுத்தாள். பாறையைச் சுற்றிக்கொண்டு, வெளிப்பக்கமாக, மெதுவாக வலித்தாள்.

துடுப்புச் சத்தம் கேட்கிறவரை கெலேரா தண்ணீரிலேயே நின்றிருந்தாள்.