நாலாவது பெண்

நூலகத்தின் வாசகர் கூட்டத்துக்கு அந்தத் தையல்காரி அதற்கு முன் போனதே இல்லை. சலவைக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ஊரார் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துக் கொடுப்பவளுக்கு அங்கே என்ன வேலை? ஆனால் நூலக வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பில் அந்தப் புத்தகத்தின் அட்டைப்படத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கால் நகரவில்லை. ஆறு பெண்களைக் கொன்றவனைப் பற்றிய உண்மைக் கதை. ஆறு பேரில் நாலாவதாகச் செத்தவள் அவளுடைய தங்கை.

நடந்தது வேறொரு ஊரில். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அக்காளும் தங்கையுமாக இருந்தார்கள். தங்கை போன பிறகு அந்த ஊர்த் தெருக்களில் நடக்க முடியாமல் இங்கே வந்தவள், இங்கே யாரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முதலில் சொல்லப் பிடிக்கவில்லை. பிறகு சொல்ல ஆள் இல்லை.

சனிக்கிழமை மாலை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். வந்தவர்கள் எல்லார் மடியிலும் அந்தப் புத்தகம் இருந்தது.

"எடுத்தா கீழ வைக்க முடியல," என்று ஆரம்பித்தார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். "கெட்டவன்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா மூளையைப் பாருங்க. போலீஸ்காரங்க கண்ணுல எத்தனை வருஷம் மண்ணைத் தூவியிருக்கான்."

"நடுவுல கொஞ்சம் இழுவை," என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "செத்தவங்க கதை வர்ற இடமெல்லாம் சவசவன்னு இருக்கு. அவன் சின்ன வயசைப் பத்தி இன்னும் எழுதியிருக்கலாம்."

கணக்கு டீச்சருக்கு வேறு குறை. "எனக்கு அந்த நாலாவது பொண்ணு மேலதான் எரிச்சல். ஊரே பயந்து கெடக்கு. இவ என்னடான்னா முன்னப்பின்ன தெரியாதவன் கார்ல ஏறி உக்கார்றா. துணிச்சல்காரின்னு எழுதியிருக்காரு. நான் திமிருன்னு சொல்வேன்."

பேச வேண்டும் என்று தையல்காரி வரவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வீட்ல ஒருத்திக்கு நல்ல காய்ச்சல். மருந்து வாங்கத்தான் போனா. மழை வேற கொட்டுச்சு. சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னு ஏறிட்டா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வங்கி மேலாளர் பக்கங்களைப் புரட்டினார். "அப்படி எங்கயும் இல்லையேம்மா."

"புத்தகத்துல இல்லைங்க."

"வேற ஏதோ படிச்சதோட போட்டுக் குழப்பிக்கிறீங்க போல," என்றார் டீச்சர், அன்பாகவே.

"இருக்கும்," என்றாள். பேச்சு கொலைகாரனின் அம்மாவைப் பற்றித் திரும்பியது.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாரும் பதறி மன்னிப்புக் கேட்பார்கள். பிறகு அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்பார்கள்.

கூட்டம் கலைந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது, வேலை முடிந்து நேராகக் கூட்டத்துக்கு வந்திருந்த நர்ஸ் ஒருத்தி வேகமாக நடந்து வந்து சேர்ந்துகொண்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் காய்ச்சல் உங்களுக்குத்தானே?"

தையல்காரி தலையசைத்தாள். "என் தங்கச்சி அவ."

நர்ஸ் கையிலிருந்த புத்தகத்தைப் பைக்குள் திணித்தாள். "அவங்களைப் பத்தின பக்கத்தை நான் தள்ளிட்டுப் போயிட்டேன்க்கா. அடுத்து அவன் என்ன பண்றான்னு தெரிஞ்சிக்கிற அவசரம்."

"எல்லாரும் அப்படித்தாம்மா படிப்பாங்க."

"உங்க தங்கச்சி எப்படிப்பட்டவங்க?"

காவல்நிலையத்தில் உயரம் கேட்டிருந்தார்கள், என்ன உடுத்தியிருந்தாள் என்று கேட்டிருந்தார்கள். புத்தகம் எழுதியவர் தொலைபேசியில், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தார். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"சரியான வம்புக்காரி," என்றாள் தையல்காரி. "ஜோக் சொல்ல ஆரம்பிச்சா முடிக்கிறதுக்குள்ள அவளே விழுந்து விழுந்து சிரிப்பா. ஜோக் என்னன்னே கடைசி வரைக்கும் தெரியாது. சண்டை போட்டா என்கூட பேச மாட்டா. சுவத்தைப் பாத்து, 'சாப்பாடு ஆறுது, வர்றவங்க வரலாம்'னு சொல்லுவா."

நர்ஸ் சிரித்தாள். அவளும் சிரித்தாள். இன்னும் சொல்ல வாயெடுத்தபோது பஸ் வந்துவிட்டது. "புள்ள தனியா இருக்கும்க்கா," என்று கையைப் பிடித்து அழுத்திவிட்டு நர்ஸ் ஏறிப்போனாள்.

தையல்காரி வீடுவரை நடந்தே போனாள். வழியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. தங்கை பொய் சொன்னால் காது சிவந்துவிடுவது, அக்காளின் செருப்பையே போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவது. கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். ஞாபகத்தில் வந்ததையெல்லாம் அங்கே யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை கடையில், துணி தேய்ப்பவர் பக்கத்து மேசையில் சட்டைகளுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா," என்றாள்.

அவர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இத்தனை வருஷமா பக்கத்துலயே நிக்கிறேன், சொல்லவே இல்லையேம்மா."

"இப்பத்தான் சொல்றேன்."

"பேரு என்ன?"

பேரைச் சொன்னாள். வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ காலமாயிற்று.

"நல்ல பேரு," என்றார் அவர். அதற்குள் முன்கடையில் மணி அடித்தது. "இருங்க, வந்துடறேன்," என்று தேய்த்த துணிகளை அள்ளிக்கொண்டு போனார். முன்கடையில் வாடிக்கையாளர் ஏதோ கறையைப் பற்றி நெடுநேரம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வரட்டும் என்று தையல்காரி மெஷினை ஓட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.